நாய்க்குப் பெயர் இருந்தது

ஒரு மனிதனோடு ஒரே கூடாரத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கப் படுத்து, அவன் வேட்டையாடிக் கொண்டுவந்த சீல் கறியைத் தின்று, அவன் முதுகுச் சூட்டில் உயிர் பிழைத்துவிட்டு, அவன் பெயரைக் கேட்காமலே ஊர் திரும்ப உங்களால் முடியுமா? முடியாது என்றுதான் சொல்வீர்கள். முடிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்குப் பதக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

அவரைப் பற்றி எழுத ஆட்கள் நிறைய. நான் எழுதுவது பத்லோக்கைப் பற்றி. கிரீன்லாந்தின் வடக்கில், பனியாறு கடலில் இறங்கும் இடத்தில் இருக்கும் இட்டில்லெக் எங்கள் ஊர். அங்கே அவள் தோல் தைக்கிறவள். கரடித்தோல் கால்சட்டை, சீல் தோல் காலணி, கையுறை. பதப்படுத்துவதற்காகத் தோலை மென்று மென்று முன்பற்கள் ஈறோடு தேய்ந்துவிட்டன. குள்ளம். கூட்டத்தில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது சத்தமாகச் சிரிப்பாள். பாதிரியார் பிரசங்கத்தின் நடுவே எழுந்து, “போன வாரமும் இதையேதான் சொன்னீங்க” என்று சொல்லி வெளியே போனவள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றுதான்.

அவள் கணவன் நல்ல நாய்வண்டிக்காரன். பெயரைப் பிறகு சொல்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. காப்டன் ரிட்மார் என்ற வெள்ளைக்காரர் வடகோடியை வரைபடத்தில் ஏற்றப்போவதாகச் சொல்லி, கல் ஆராய்கிற டாக்டர் ஒருவரோடு வந்து இறங்கினார். வண்டியோட்டிகள் இரண்டு பேர் வேண்டும் என்றார். பத்லோக்கின் கணவனும் அவள் தம்பி இமீனாவும் தங்கள் நாய்களோடு கிளம்பினார்கள். நான்கு பேருக்கும் தலை முதல் கால் வரை தைத்துக் கொடுத்தவள் பத்லோக்.

எங்கள் பெயர்கள் வாயில் நுழையவில்லை என்று காப்டன் முதல் நாளே ஆளுக்கொரு பெயர் வைத்தார். கணவனுக்கு டாம், இமீனாவுக்கு ஜாக். அதே நாக்கு கற்களின் லத்தீன் பெயர்களை ஒன்றுவிடாமல் உருட்டியதாம். முன்னால் ஓடுகிற நாய்க்கும் அவரே பெயர் வைத்தார், சீசர் என்று.

திரும்பி வருகிற வழியில் உணவு தீர்ந்தது. நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தின்றார்கள். சீசரையும் தின்றார்கள். கடைசியில் மிஞ்சியவை ஒரு வண்டியும் அதை இழுக்கச் சில நாய்களும். அந்த நேரத்தில் பத்லோக்கின் கணவன் பனிப் பிளவில் விழுந்து கால் முறிந்தது. வண்டியில் ஏற்றலாம். ஆனால் வண்டி நிறையப் பெட்டிகள் இருந்தன. பெட்டி நிறையக் கற்கள்.

பிறகு இந்த ஊருக்குப் பள்ளிக்கூட வாத்தியாராக வந்த என்னிடம் இமீனா இதைச் சொல்லும்போது எப்போதும் தரையைப் பார்த்துத்தான் சொல்வான்.

“கல்ல எறக்கு, ஆள ஏத்துன்னேன் வாத்தியாரே. காப்டன் தலைய ஆட்டிட்டு, ‘இது அறிவியல்’னாரு. அந்த வார்த்தை எனக்கு அப்பத் தெரியாது. பசி முத்திப்போனா வர்ற நோய் போலிருக்குன்னு நெனச்சேன்.”

“நீ என்ன செஞ்சே?”

“கையில துப்பாக்கி வச்சிருந்தவரு அவரு. மச்சான் என்னப் பாத்து, ‘போடா, இவங்கள கரை சேத்துட்டு வா, நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன்’னாரு. ஒடஞ்ச கால வச்சிக்கிட்டு ஜோக்கடிக்கிறாரு.”

வெள்ளைக்காரர் இருவரையும் இட்டில்லெக்கில் சேர்த்துவிட்டு, சாப்பிடக்கூட உட்காராமல், ஊர்க்காரர்களின் நாய்களைக் கடன் வாங்கிக்கொண்டு இமீனா திரும்பிப் போனான். மச்சான் சொன்னபடி எங்கேயும் போயிருக்கவில்லை. வாய்க்குப் பக்கத்தில் ஒரு கையுறை உறைந்து கிடந்தது. அதில் பாதியைத் தின்றிருந்தார். பத்லோக் மென்று பதப்படுத்தித் தைத்த கையுறை. மீதிப் பாதியை இமீனா அக்காவிடம் கொண்டுவந்து கொடுத்தான்.

இனி அந்தக் கற்களின் கதை. ஊரில் காத்திருந்த காப்டனின் கப்பலில் இடமில்லை. ஊசிக்கும் புகையிலைக்கும் எங்களிடம் வாங்கிய கரடித்தோலும் வால்ரஸ் தந்தமும் அடித்தளம் வரை அடைத்துக் கிடந்தன. தந்தத்துக்கு நகரத்தில் நல்ல விலை. கல்லுக்கு ஏது விலை? டாக்டர் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அழாத குறையாகக் கப்பலேறினார். மற்றப் பெட்டிகளைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். மரம் முளைக்காத ஊரில் பலகையை யார் விடுவார்கள்? பலகைகளை ஊரார் எடுத்துக்கொண்டார்கள். கற்களைக் கொட்டிவிட்டார்கள். ஒரு மனிதனின் உயிரைவிட ஒசத்தி என்று சுமந்து வந்த அறிவியல், சீல் குடல் கழுவுகிற இடத்தில் நாய் மூத்திரத்தில் கிடந்தது. எனக்கு அறிவியல் மேல் கோபம் இல்லை. நான் நம்புவது அதை ஒன்றைத்தான். அதன் பெயரைச் சொல்லித் திரிகிற வாயைப் பார்த்தால்தான் குமட்டுகிறது.

கப்பல் கிளம்பும் முன் அந்த டாக்டர் பத்லோக்கின் கூடாரத்துக்கு வந்தார். அறிக்கையில் எழுதவேண்டும், டாமின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டார். அந்த மட்டுக்கும் கேட்டாரே! பத்லோக் வாயைத் திறக்கவில்லை. இமீனாவிடம் கேட்டார். இமீனா பனியாற்றைப் பார்த்தான். ஊரில் எல்லோரையும் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை.

சொல்ல மாட்டார்கள். இறந்தவரின் பெயர் ஒரு புதுக் குழந்தைக்குப் போய்ச் சேரும்வரை அதை யாரும் உச்சரிப்பதில்லை. பெயர் போக இடமில்லாமல் அலையும்போது கூப்பிட்டு அதைத் துன்புறுத்தக்கூடாது. இங்கே இதுதான் வழக்கம். எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. பெயரைச் சொன்னால் புயலும் வராது, சீலும் ஓடாது என்று பத்லோக்கிடமே வாதாடியிருக்கிறேன். அந்த வாயை மூடிய வழக்கத்தால் அவளுக்கு நேர்ந்த நஷ்டத்தை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் அந்த மௌனம் மரியாதை. அதைக் காப்டன் எப்படிப் படித்தார் தெரியுமா? பிறகு அவர் எழுதிய தடித்த புத்தகத்தை வரவழைத்துப் படித்தேன். ‘இம்மக்கள் இறந்தவர்களை ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறார்கள். அவன் பெயர்கூட மனைவிக்கு நினைவில்லை’ என்று எழுதியிருக்கிறார். சீசரைத் தின்ற இரவுக்கு மட்டும் கண்ணீரும் கம்பலையுமாக நாலு பக்கம்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு இனாலுக்குக்குப் பெண் குழந்தை பிறந்தது. பத்லோக்கின் கணவன் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆண் பெயர், பெண் பெயர் என்று எங்களிடம் பேதம் கிடையாது. பெயர்: அகயாக்.

இப்போது சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எல்லோரும் சொல்லலாம்.

அதற்கு அடுத்த கோடையில்தான் பள்ளிக்கூடம் நடத்த நான் தெற்கிலிருந்து இந்த ஊருக்கு வந்தேன். வந்த அன்று ஒரு கைக்குழந்தையிடம் பத்லோக், “ஏங்க, இப்படி மேலெல்லாம் வாந்தி எடுத்து வச்சிருக்கீங்களே” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பெயர் யாருக்குப் போனதோ, உறவும் அவருக்குத்தான் போகும். அந்தக் குழந்தை அவளுக்குக் கணவன். குழந்தையின் தாய், தன்னைவிடச் சின்னவளான இனாலுக், அவளுக்கு மாமியார்.

“அத்தே, உங்க புள்ள என் ஊசிய எடுத்து வாயில போட்டுக்கிட்டாரு.”

“உன் புருஷன நீதான்டி அடக்கணும். எங்கிட்ட ஏன் வர்றே?”

நடக்கத் தொடங்கியதும் குழந்தை அகயாக் அவள் வீட்டிலேயே குடியேறினாள். அதிகாரம் தூள் பறக்கும்.

“பசிக்குது. நார்வால் திமிங்கிலத் தோல் வெட்டு. பெருசா வெட்டு.”

“போன தடவ கல்யாணம் பண்ணப்ப இப்படியா மெரட்டுனீங்க? அப்பல்லாம் எவ்வளவு சாதுவா இருந்தீங்க!”

பெயர் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. இனி யார் கேட்டாலும் பத்லோக் சொல்லலாம். அவள் அதற்குத்தான் காத்திருந்தாள். ஒவ்வொரு கோடையிலும் கப்பல் வரும்போது நல்ல காலணி போட்டுக்கொண்டு கரையில் போய் நிற்பாள். அந்த டாக்டரோ வேறு யாரோ இறங்கி வந்து மறுபடி கேட்பார்கள், அவர்களின் கல்லிலும் காகிதத்திலும் அகயாக் என்று எழுதவைக்க வேண்டும் என்று நிற்பாள். யாரும் கேட்கவில்லை.

சின்ன அகயாக்குக்கு ஐந்து வயதான கோடையில் காப்டன் ரிட்மாரே வந்தார். தொந்தி வைத்திருந்தார். கூடவே புகைப்படக்காரர், கொடி, வெண்கலப் பலகை ஒன்று. தன் பயணத்துக்குத் தானே நினைவுச்சின்னம் வைக்க வந்திருந்தார். மாலுமிகள் கரையில் அகப்பட்ட கற்களைப் பொறுக்கி ஆளுயரத்துக்குக் குவித்துக் கட்டினார்கள். இமீனா என் விலாவில் இடித்தான்.

“வாத்தியாரே, அந்தக் கல்லுதான். பெட்டியில வந்த கல்லு. அத வச்சே கட்டுறாங்க.”

“சொல்லட்டுமா?”

“வேணாம். அந்த மனுஷன் எந்தக் கல்லுன்னு கண்டுபிடிக்கிறாரான்னு பாப்போம்.”

கண்டுபிடிக்கவில்லை. பலகையைப் பதித்தார்கள். அதில் இருந்ததை எங்கள் மொழியில் உரக்கச் சொல்லும் வேலை எனக்கு. காப்டன் ரிட்மார். கல் டாக்டர். ‘இணையற்ற நாய் சீசர்.’ அதற்குக் கீழே, ‘விசுவாசமுள்ள எஸ்கிமோக்கள் இருவர்.’

இமீனாதான் முதலில் பேசினான்.

“அந்த ரெண்டு பேர்ல நான் யாரு? விசுவாசமா, எஸ்கிமோவா?”

எல்லோரும் சிரித்தார்கள். பத்லோக் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு காப்டன் முன்னால் போய் நின்றாள். அவர் அவளை அடையாளம் காணவில்லை. அவர் உயிரோடிருந்ததற்கு அவள் தைத்த சட்டையும் ஒரு காரணம்.

“இந்தம்மாவுக்கு என்ன வேணுமாம்?” என்று என்னிடம் கேட்டார்.

“ஒரு பேரு எழுதணுமாம். நீங்க டாம்னு கூப்பிட்டவரோட பேரு.”

“அப்பக் கேட்டோமே, யாருக்கும் ஞாபகமில்லையே?”

பத்லோக் சின்ன அகயாக்கை முன்னால் இழுத்து நிறுத்தினாள். “இவருதான். இவரையே கேக்கச் சொல்லுங்க.”

குழந்தை காப்டனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் காலைத் தூக்கிக் காட்டினாள்.

“நான் அகயாக். கால் சரியாயிடுச்சு.”

இதில் மாயம் எதுவும் இல்லை. இமீனாவின் மடியில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்த கதை. நான் அதை வார்த்தை மாறாமல் மொழிபெயர்த்தேன். காப்டனின் முகம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெளுத்தது. பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. நாய்க்கறி தின்ற வாயைத் துடைத்துக்கொள்கிற சிரிப்பு.

“பாவம், சின்னப் பொண்ணப் போயி புருஷன்னு நெனச்சிட்டிருக்கு இந்தம்மா. இதையும் படம் எடுங்கப்பா,” என்றார் புகைப்படக்காரரிடம். என்னிடம், “வெண்கலம் வார்த்தாச்சு, இனிமே மாத்த முடியாது. பேரு ஒரு சின்ன விஷயம்னு எடுத்துச் சொல்லுங்க.”

“சின்ன விஷயம்னா உங்க பேர எடுத்துடலாமா?” என்று நானாகவே கேட்டேன்.

ஆவியை நம்பாத என்னை நீங்களே நீதிபதியாக வையுங்கள். ஒரு பக்கம், செத்த மனிதன் ஒரு குழந்தைக்குள் வந்துவிட்டான் என்று நம்பி, அவனுக்கு மூக்கு துடைத்துவிட்டு, கறி வெட்டிப்போட்டு, தினமும் பெயர் சொல்லி அழைக்கிற மூடநம்பிக்கை. இன்னொரு பக்கம், அவன் உயிரைக் கொடுத்துக் கல்லை வாங்கி, கல்லையும் கரையில் கொட்டிவிட்டு, நாயின் பெயரை வெண்கலத்தில் வார்த்த நாகரிகம். மூடநம்பிக்கையோடு நான் வாதாடலாம். நாகரிகத்தின் பக்கத்தில் நின்றால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கப்பல் போனதும் பத்லோக் என் வீட்டுக்கு வந்தாள்.

“வாத்தியாரே, உங்க எழுத்துல அவரு பேரு எப்படி இருக்கும்? அந்தப் பலகையில எழுதிக் காட்டுங்க.”

விளக்குக் கரியைக் குழைத்து எழுதிக் கொடுத்தேன். ஈட்டிமுனை தீட்டுகிற அரத்தை எடுத்துக்கொண்டு அவள் அந்தக் கரிக்கோட்டின் மேல் அராவத் தொடங்கினாள். வெண்கலம் லேசில் மசியாது. கடல் உறைகிறவரை அராவி, மாதக்கணக்கான குளிர்கால இருட்டு முடிந்து மறுபடி வெளிச்சம் வந்த பிறகும் அராவி, சீசருக்கு மேலே பதித்தாள்: அகயாக். இமீனாவின் பெயரையும் பக்கத்தில் போடலாம் என்றேன்.

“அவன் உசுரோட இருக்கான்ல, அவனே அராவிக்கட்டும்,” என்றாள்.

அடுத்த கோடையில் வந்த அதிகாரி பலகை ‘சேதப்படுத்தப்பட்டிருப்பதாக’ எழுதிக் கழற்றிக்கொண்டு போனார். பலகை மறு ஆண்டு பளபளவென்று திரும்பி வந்தது. பெயர் இருந்த இடத்தைத் தேய்த்து வழித்திருந்தார்கள். விரல் வைத்தால் அங்கே மட்டும் பள்ளம் தெரிகிறது. சின்ன அகயாக் அதில் விரலை ஓட்டிவிட்டு, “பத்லோக், என்ன அழிச்சிட்டாங்க” என்றாள்.

“இருங்க, அரம் எடுத்துட்டு வர்றேன்.”

“அக்கா, அவங்க தேய்க்க நீ அராவ, பலகையே ஓட்டையாயிடும்,” என்றான் இமீனா.

“ஆகட்டும்டா. ஓட்டை வழியா கப்பல் வருதான்னு பாத்துக்கறேன்.”

இதை எழுதும்போதும் அரத்தின் சத்தம் கேட்கிறது. அடுத்த கப்பல் வந்தால் மறுபடி கழற்றுவார்கள். அவள் ஒருத்தி, அரம் ஒன்று. அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பனிநாட்டுப் பயணங்களைப் பற்றிய புத்தகம் உங்கள் வீட்டிலோ நூலகத்திலோ இருக்கும். அதில் ‘எஸ்கிமோ வழிகாட்டிகள் சிலர்’ என்ற வரி வரும் இடத்தில் நிறுத்துங்கள். அவர்களின் பெயரைத் தேடுங்கள். கிடைத்தால் ஓரத்தில் எழுதுங்கள். கிடைக்காவிட்டால், புத்தகம் போட்டவர்களுக்குக் கடிதம் எழுதி, நாயின் பெயர் தெரிந்த உங்களுக்கு மனிதனின் பெயர் ஏன் தெரியவில்லை என்று கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.