கொழுப்புச் செல்லில் பச்சை ஒளி

மஹ்ஜபீனுக்குக் கொழுப்பு வளர்ப்பதுதான் வேலை. வானகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில், சின்னச் சின்னத் தட்டுகளில் வளர்த்தாள்.

"அதுக்கு எதுக்கும்மா வானகரம் போற? நம்ம ஊட்லயே எல்லார்கிட்டயும் ஜோரா வளந்துகினுதான கீது?" என்பார் மாமியார் ராபியா. பூந்தமல்லியில் அந்த வீட்டில் ஒல்லியானவர் யாரும் இல்லை.

உடம்பு அனுப்பும் தகவலைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் புரதம் ஒன்று உண்டு. இளம்செல் கொழுப்புச் செல்லாக மாறும்போது அது செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்று மஹ்ஜபீன் தேடிக்கொண்டிருந்தாள். பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தாள். செல் முழுக்கப் பரவியிருக்கும் என்று நினைத்த பச்சை, நடுவில் உட்கருவுக்குள் போய் அடைந்து கிடந்தது.

"சாயம் கண்ட இடத்துல ஒட்டியிருக்கு. மறுபடி செய்ங்க," என்றார் ஆய்வுத் தலைவர் ராகவன்.

மறுபடியும் செல்கள் வளர்ந்து தயாரான நாளில், கொழுந்தன் கலீலுல்லாவின் வலிமா, அதாவது கல்யாண விருந்து. தள்ளிப்போட்டால் செல்கள் வீணாகிவிடும். காலையிலேயே போய், அவற்றைக் கொழுப்பாக மாறத் தூண்டும் ஹார்மோன் கலவையை ஊற்றிவிட்டு வந்தாள். மதியம் இன்னொரு திரவம் ஊற்றி, செல்களை இருந்த நிலையிலேயே நிறுத்த வேண்டும். மதியம்தான் பந்தி.

கணவன் சர்ஃபராஸைக் கெஞ்சி பைக்கை எடுக்கவைத்தாள்.

"அம்மா கேட்டா இன்னா சொல்றது?"

"நீங்களும் அங்க இல்லன்னா யார்கிட்ட கேப்பாங்க?"

சரிகைப் புடவையும் மல்லிகைப்பூவுமாக இறங்கியவளை ஆய்வுக்கூடத்து வாசலில் காவலர் ஏகாம்பரம் மறித்தார். "கல்யாண மண்டபம் அடுத்த தெருவும்மா."

"அண்ணே, நான்தான்!"

அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கதவைத் திறந்தார். புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு அவள் வேலையை முடித்தாள்.

மண்டபம் திரும்பியபோது கடைசிப் பந்தியும் எழுந்துவிட்டது. கையில் கரண்டியோடு ராபியா நின்றிருந்தார்.

"மூத்த மருமொவ எங்கன்னு ஊரே கேக்குது. எங்க போன?"

"கொழுப்பப் பாக்கத்தான் மாமி."

"அப்ப இங்க பந்தியில குந்தினு இருந்ததெல்லாம் இன்னா?"

மறுநாள் சாயம் ஏற்றிப் பார்த்தாள். மறுபடியும் உட்கருவில்தான் பச்சை. கலவை கொடுக்காத செல்களில் அது எங்கும் பரவிக் கிடந்தது. சாயத்தைப் புரதத்தோடு இணைக்கும் மருந்தைச் சேர்க்காமல், வெறும் சாயம் மட்டும் ஏற்றிய தட்டோ இருண்டிருந்தது. சாயம் தானாகப் போய் ஒட்டவில்லை. கலவை பட்டதும் புரதம்தான் உள்ளே போயிருக்கிறது.

ராகவன் வெகுநேரம் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை. "நான் சொன்னதுதான் தப்பும்மா," என்றார். மஹ்ஜபீனுக்கு அங்கேயே கத்த வேண்டும் போலிருந்தது. கை கழுவும் சாக்கில் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம், "பந்திய உட்டுட்டு ஓடுற அளவுக்கு அப்டி இன்னாதான் கீது?" என்று ராபியா ஆய்வுக்கூடத்துக்கே ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நுண்ணோக்கிக் குழாயில் ஒரு கண்ணும் மறு கண்ணுமாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்.

"இதுவா கொழுப்பு?"

"ஆவப்போற கொழுப்பு, மாமி."

"ஐய, எவ்ளோ அழகா கீது!"

அன்று சாயங்காலம் ராபியா அக்கம்பக்கத்தில் ஒரு வீடு விடவில்லை. "எம் மருமொவ கொழுப்புக்குள்ள சீரியல் லைட்டு போட்டு வெச்சிருக்கா!"