காற்று கசிய வேண்டும் என்றவர்

சயாமில் சப்பான்காரன் போட்ட ரயில்பாதையிலிருந்து பிழைத்து வந்த முனியன் நேற்று ரந்தாவ் டவுன் கடையில் சொன்னான்: நம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிய டிரசர் மாணிக்கம், அங்கே கூடாரத்தில் பேதி கண்டு இறந்துவிட்டார். தோட்டத்தின் பெரிய வாயாடி என்று என்னை இந்த இரங்கல் கூட்டத்தில் பேச அழைத்திருக்கிறீர்கள். அந்தப் பட்டத்தைத் தந்தவரே அவர்தான், கணக்கெழுதும் கிராணியின் சைக்கிள் மணியைக் கழற்றி ஆட்டின் கழுத்தில் நான் கட்டிய அன்று.

சப்பான்காரன் காலத்தில் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் கத்தி காலில் பட்டு எனக்கு ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், கண்டது. தாடை பூட்டிக்கொண்டது. "வாயாடிக்கே வாய்ப்பூட்டா?" என்றார் டிரசர், கண் கலங்க. சிரம்பானிலிருந்து வந்த டாக்டர் என் கழுத்தில் துளையிட்டு ரப்பர் குழாய் வைத்துவிட்டுப் போனார். எச்சில் நுரையீரலில் இறங்காதிருக்க அதைச் சுற்றி ஒரு சின்னக் காற்றுப்பை. டிரசர் ஊசிக்குழலால் கொஞ்சங்கொஞ்சமாகக் காற்று ஏற்றுவார். என் கழுத்தருகே காது வைப்பார். மெல்லிய கசிவு கேட்கும் இடத்தில் நிறுத்திவிடுவார். மணிக்கொருமுறை மறுபடி காது வைப்பார்.

"பால்மரத்துல கத்தி ஆழமா போனா பட்டை புண்ணாகி முண்டு கட்டுதுலா? தொண்டையும் அப்படித்தான். பையை இறுக்கினா அங்க ரத்தம் ஓடாது. புண்ணு ஆறும்போது மூச்சுக்குழாயே சுருங்கிப்போகும்" என்பார்.

ஒருநாள் அவர் நோயாளி பார்க்கத் தொழிலாளர் லயத்துக்குப் போயிருந்தபோது, ஆஸ்பத்திரியையும் மேற்பார்த்த கிராணி வந்தார். கசிவுச் சத்தம் கேட்டது. "காத்து போவுது, பங்சர்" என்று ஊசிக்குழல் நிறைய ஏற்றினார். கழுத்துக்குள் கல்லை அடைத்தது போலிருந்தது. கண்ணை உருட்டுவதைத் தவிர என்னால் எதுவும் முடியவில்லை.

திரும்பி வந்த டிரசர் முதலில் காற்றை இறக்கினார். பிறகுதான் பேசினார்.

"கிராணி ஐயா, இது ஒங்க சைக்கிள் டியூப் இல்ல. புள்ள தொண்டை. இனிமே கை வைக்கிறதா இருந்தா வார்டுக்குள்ள வராதீங்க."

வார்டே கேட்டது. அடுத்த வாரம் சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பட்டியல் போனது. தோட்டத்துக்கு இருந்த ஒரே டிரசர் அவர்; ஆனாலும் முதல் பெயர் அவருடையது.

லாரி ஏறுமுன் வந்தார். என் விரல்கள் அப்போதுதான் அசையத் தொடங்கியிருந்தன. 'பங்சர் கடை மூடியாச்சா?' என்று சிலேட்டில் கிறுக்கிக் காட்டினேன். சிரித்தார். "கடைய ஆயா அஞ்சலைகிட்ட குடுத்துட்டேன். காது வைக்கச் சொல்லியிருக்கேன்." குழாயை எடுக்கும்வரை அஞ்சலையக்கா காது வைத்தாள்.

சற்றுமுன் கிராணி ஐயா மாலை போட்டுவிட்டு, "நல்ல மனுஷன், விதி" என்று உட்கார்ந்தார். விதிக்கு எழுதத் தெரியாது ஐயா. அந்தப் பட்டியல் உங்கள் கையெழுத்தில் இருந்தது.

டிரசர் எனக்கு விட்டுப்போனது இந்தக் குரல் ஒன்றுதான். இதை வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்கப்போவதில்லை. சொல்லுங்கள், அவர் பெயரை ஏன் எழுதினீர்கள்?