ங்க இல்லாத வசனம்

நான் எடுத்த ஒரே சினிமாவுக்குக் கதாநாயகி கிடையாது. இருந்தாள். முதல் நாள் கோயம்புத்தூரிலிருந்து வந்தாள், திருப்பூர் வேலம்பாளையத்தில் காரை விட்டு இறங்கினாள், மூக்கைப் பொத்தினாள், அதே காரில் திரும்பிப் போனாள். சாயத்தண்ணீர் ஓடும் சாக்கடைப் பக்கம் காரை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று தயாரிப்பாளர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த ஊரில் வேறு எங்கே நிறுத்துவதாம்?

அப்போது நான் நல்லூரில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். திரையில் ரோஜாப்பூ விரியும், அதற்குள்ளிருந்து மாப்பிள்ளை தலையைச் சாய்த்துக்கொண்டு வெளியே வருவார், பெண்வீட்டார் கைதட்டுவார்கள். அந்த ரோஜாப்பூவைப் பார்த்துப் பார்த்து எனக்கு வாழ்க்கையே வெறுத்துப்போயிருந்த நேரத்தில்தான் ஒரு பனியன் கம்பெனி முதலாளி ஸ்டுடியோவுக்கு வந்தார். "நம்ம ஒரு படம் எடுக்கலாமுங்களா?" என்றார். மூலனூர்ப் பக்கம் முருங்கைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். திருப்பூருக்கு வந்து வேலம்பாளையத்தில் கம்பெனி வைத்து நன்றாக வளர்ந்திருந்தார். சினிமா ஆசையெல்லாம் அவருக்கு இல்லை. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது, கவுன்சிலர் ஆகவேண்டும், அதற்கு முன்னால் வார்டு முழுக்கத் தன் முகம் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

கதையையும் அவரே கொண்டுவந்திருந்தார். ஓர் ஊரில் இரண்டு கட்சிகள். குடிதண்ணீர்க் குழாய்க்காக அடித்துக்கொள்கின்றன. கதாநாயகன் வந்து இரண்டு தலைவர்களின் கையையும் பிடித்துச் சேர்த்துவைக்கிறான். குழாயில் தண்ணீர் வருகிறது. கதாநாயகன் யார் என்று நான் கேட்கவில்லை. அவர் வெள்ளைச் சட்டையோடுதான் வந்திருந்தார்.

ஒரு கட்சியின் தலைவராக நடிக்கக் கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அகப்பட்டார். துணியை அடுக்கி அளவுப்படி வெட்டும் பிரிவுக்குப் பொறுப்பாளர். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர், மனைவியை இழந்தவர். மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி, மைக் இல்லாமலே பொதுக்கூட்டம் நடத்தக்கூடிய தொண்டை அவருக்கு. எதிர்க்கட்சித் தலைவி முதலாளியின் சொந்த அக்கா. கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் புருஷன் போய்விட, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, தம்பியை வளர்த்து ஆளாக்கி, இப்போது நாற்பதுக்கு மேல் அதே தம்பியின் கம்பெனியில் செக்கிங் டேபிளில் ஓட்டையும் அழுக்கும் பார்த்துக்கொண்டிருந்தவர். "வெளியாளு எதுக்குங்க, எங்கக்கா இருக்குதுங்க" என்று முதலாளியே சொல்லிவிட்டார்.

கட்சிக் கொடிக்கும் அலையவேண்டியிருக்கவில்லை. கலர் சரியில்லை என்று சரக்கு வாங்கும் ஏதோ வெளிநாட்டு பையர் வேண்டாமென்று தள்ளிய டீ-சர்ட்டுகள் கோடவுனில் மலையாகக் கிடந்தன, கத்திரிப்பூக் கலரில் பாதி, கிளிப்பச்சையில் பாதி. கத்திரிப்பூ மாஸ்டரின் கட்சி, கிளிப்பச்சை அக்காவின் கட்சி. தொண்டர்களாக நடித்த தொழிலாளர்களுக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தோம். அவர்கள் அதையே போட்டுக்கொண்டு வேலைக்கும் கறிக்கடைக்கும் சர்ச்சுக்கும் போக ஆரம்பித்தார்கள்.

கதாநாயகி ஓடிப்போன அன்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "லவ் இல்லாத படம் எப்படிங்க ஓடும்?" என்றார். ஆளே இல்லாத இடத்தில் இருப்பவர்களை வைத்துத்தானே சமைக்கவேண்டும்? இரண்டு கட்சித் தலைவர்களும் ரகசியமாகக் காதலிக்கட்டும் என்றேன். மேடைக்கு மேடை திட்டிக்கொள்வார்கள். அந்தத் திட்டுக்குள்ளேதான் காதல் இருக்கும். 'உன் ஆட்டம் வெள்ளிக்கிழமையோடு முடிந்தது' என்றால் வெள்ளிக்கிழமை சந்திக்கலாம் என்று அர்த்தம். உலகத்தில் எவனும் யோசிக்காத காதல் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டு கெழடும் லவ் பண்ணுதுங்களா? காமெடியா வெச்சுக்குங்க" என்று சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் ஹாலில் படப்பிடிப்பு. அக்காவின் முதல் வசனம், 'அடே துரோகி, இந்த ஊரை விட்டு ஓடிப்போ!' கேமராவை ஓடவிட்டேன். அக்கா மைக்கைப் பிடித்தார்.

"ஏனுங்க துரோகி, இந்த ஊர உட்டுப் போயிருங்க."

"அக்கா, ங்க வேண்டாமுங்க" என்றேன்.

"சரிங்க." மறுபடி மைக். "துரோகி, நீங்க ஓடிப்போங்க."

பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "வயசுல மூத்தவருங்க. கம்பெனில எல்லாரும் மாஸ்டருங்கன்னு கூப்புடற ஆளு. எப்படிங்க வாய்ல வரும்?" என்றார். கொங்கு நாட்டில் ஆளை வெட்டப் போகிறவன்கூட 'உங்களை வெட்டிப்போடுவனுங்க' என்றுதான் சொல்வான், இது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் இப்படி ஒரு படத்தை எழுதிய என்னைச் சொல்லவேண்டும்.

மாஸ்டர்தான் முன்வந்தார். "மேடம், என்னைய நல்லா ஏசுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல பழகிக்கிடுவோம்" என்றார். மறுநாளிலிருந்து சாப்பாட்டு மணி அடித்ததும் கட்டிங் ஹாலில் திட்டுப் பயிற்சி. கம்பெனியே ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தது. முதலாளியும் ஒருநாள் பார்த்துவிட்டு, அக்கா தன் அரசியலுக்காக இவ்வளவு உழைக்கிறதே என்று என்னிடம் நெகிழ்ந்து பேசினார்.

பயிற்சி மாதக்கணக்கில் நடந்தது. பலன்தான் இல்லை. கேமரா ஓடினால் போதும், அக்கா வாயில் ங்க வந்து உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு மாஸ்டரும் தன் வசனத்தை மறக்கத் தொடங்கினார். கேசட் மேல் கேசட்டாகத் தீர்ந்தது. ரோஜாப்பூவே பரவாயில்லை என்று நினைத்தேன்.

ஒரு மத்தியானம் பேட்டரியைத் தேடிக்கொண்டு கட்டிங் ஹாலுக்குப் போனேன். துணி ரோல்களுக்கு அந்தப் பக்கம் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் கொழம்ப ஒதுக்கற? காரமா? நாளைக்குக் கம்மியாப் போடறேன், தின்னு" என்றது அக்காவின் குரல்.

ஒரு ங்க இல்லை. தேடிப் பார்த்தாலும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் ரோலைச் சுற்றிக்கொண்டு போய் அவர்கள் முன்னால் நின்றேன். "இவ்வளவு நல்லாப் பேசறீங்கல்லங்க, அப்பறம் எதுக்குங்க என்ற கேசட்டக் காலி பண்றீங்க?" என்று கத்தினேன்.

மாஸ்டர் சாப்பாட்டைப் பார்த்தபடி, "வசனம் சரியா வந்துட்டா படம் முடிஞ்சிரும்லா சார்" என்றார்.

எனக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. அக்கா எழுந்து நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "முடிஞ்சா நான் செக்கிங் டேபிளுக்கு, அவரு கட்டிங் டேபிளுக்குங்க. நடுவால என்ற தம்பி. அவன்கிட்ட இத எப்படிங்க சொல்லுவேன்? தூக்கி வளத்துனவ நானு. இவரும் வேணுமுங்க, அவனும் வேணுமுங்க. ஒருத்தர உட்டுப்போட்டு ஒருத்தர்கூட இருக்க எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

வேறு சாதி, வேறு சாமி, போதாக்குறைக்குத் தம்பியிடமே சம்பளம் வாங்குகிற ஆள். இதில் ஏதாவது ஒன்றே ஒரு குடும்பம் ஜென்மப்பகை கொள்ளப் போதும். என் கோபம் போன இடம் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசாமல் இன்னும் நாலு கேசட் வாங்கிக்கொண்டு போனேன்.

இதற்குள் டீ-சர்ட்டுகள் தம் வேலையைக் காட்டிவிட்டன. பஸ் ஸ்டாப், டீக்கடை, ரேஷன் வரிசை எங்கே பார்த்தாலும் கத்திரிப்பூவும் கிளிப்பச்சையும். ஒரு பெரிய கட்சியின் பகுதிச் செயலாளர் மிரண்டுபோய்க் கம்பெனிக்கே வந்துவிட்டார். "நம்ம வார்டுல புதுசா ரெண்டு கட்சி வளந்திருக்குதாமுங்க. ரெண்டுக்கும் நீங்கதான் செலவு பண்றீங்களாமா?" என்றார். நான் பக்கத்தில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தேன். முதலாளி என்னைப் பார்க்கவேயில்லை. "ஆமாங்க" என்றார்.

"ரெண்டையும் ஒண்ணாக் கொண்டுவந்து எங்ககூடச் சேத்துனீங்கன்னா, சீட்டு விசயம் பேசலாமுங்க" என்றார் செயலாளர்.

அவ்வளவுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளைமாக்ஸ், அத்தோடு படம் முடிகிறது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார். கம்பெனிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் எதிரெதிராக இரண்டு மேடை. நாலு மூலைக்கும் ஸ்பீக்கர். இரண்டு கலரிலும் கூட்டம். முன்வரிசையில் பகுதிச் செயலாளர் ஆட்களோடும் மாலைகளோடும் உட்கார்ந்திருந்தார். அவரைப் பொறுத்தவரை அது சினிமா இல்லை, கேமரா வைத்த மாநாடு.

அக்கா பேசவேண்டிய வசனம் 'இந்த ஊர்ல ஒண்ணு நீ இருக்கோணும், இல்ல நான் இருக்கோணும்.' அவர் மைக்கின் முன்னால் வந்து நின்றார். எதிர்மேடையைப் பார்த்தார்.

"இந்த ஊர்ல நீயும் இருக்கோணும்" என்றார். ஸ்பீக்கர் கீச்சிட்டது. "நானும் இருக்கோணும். ஒரே ஊட்ல இருக்கோணும். சம்மதம்னா இப்பவே சொல்லு."

மாஸ்டர் பதிலுக்கு அக்காவைக் கண்டபடி ஏசவேண்டும். பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அந்தக் காகிதத்தையெல்லாம் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, அந்தத் தெற்கத்தி மனுஷர் கொங்குக்காரரைப்போல, "சரிங்க" என்றார்.

கூட்டம் விசிலடித்தது. பகுதிச் செயலாளர் துள்ளி எழுந்து, "கூட்டணி! கூட்டணி அறிவிச்சுட்டாங்க!" என்று மாலையோடு ஓடிவந்தார். நடுவில் வெள்ளைச் சட்டையில் நின்ற முதலாளிக்கு மட்டும் விளங்கிவிட்டது. முகம் வெளுத்து, என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கட் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அக்காவுக்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் ஷாட் அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது.

"கையச் சேத்து வைங்க!" என்று கூட்டம் கத்தியது. செயலாளரும் கத்தினார். வேறு வழியில்லை. முதலாளி இரண்டு பேரையும் கீழே அழைத்து, கையைப் பிடித்துச் சேர்த்துவைத்தார். "இன்னைக்கு இருந்து இந்த ஊர்ல ரெண்டு கட்சி இல்லீங்க. ஒரே குடும்பமுங்க" என்று தன் வசனத்தையும் சொன்னார். குரல் உடைந்தது. என்னமாய் நடிக்கிறார் என்று பக்கத்தில் ஒருவர் வியந்தார்.

ஊரே பார்க்கச் சேர்த்துவைத்த கையை மறுநாள் எப்படிப் பிரிப்பது? அதனால்தான் இருவரும் தப்பித்தார்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டு நல்லூரில் வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். மாஸ்டர் வேறு கம்பெனியில் சேர்ந்தார். முதலாளி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அக்கா என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று கம்பெனியில் உத்தரவு. அக்காவோ என்னைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம், "தம்பி நேரத்துக்குச் சாப்புடறானுங்களா?" என்றுதான் கேட்பார். எனக்கு என்ன தெரியும்? சாப்பிடுகிறார் என்று சொல்லிவைப்பேன்.

பிறகு வார்டு பட்டியல் வந்தது. முதலாளி நிற்கவிருந்த வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. முதலாளி இடிந்துபோனார். பகுதிச் செயலாளர் அசரவில்லை. "அதனாலென்னங்க, உங்கக்காவ நிறுத்துங்க. அன்னைக்கு மைக்குல பேசுன அம்மாவ இந்த வார்டுல தெரியாதவங்க யாருங்க?" என்றார். முதலாளி ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் காலை என் ஸ்டுடியோ வாசலில் கொடி கட்டிய கார் வந்து நின்றது. உள்ளே செயலாளர். "எங்கக்கா சம்மதிக்கறத வீடியோ எடுக்கோணுமுங்க, வாங்க" என்றார் முதலாளி.

காரையும் செயலாளரையும் தெருமுனையில் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் நடந்து போனோம். அக்கா வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்தார், தெருமுனைக் காரையும் பார்த்தார்.

"வாங்க. உள்ள வந்து உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

தம்பியிடம்தான் சொன்னார். முதலாளி படியில் ஒரு காலை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா."

"சொல்லுங்க."

வார்டு, ஒதுக்கீடு, கட்சி என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர். அதையெல்லாம் விட்டுவிட்டு, "ஏனக்கா, என்னையப் போயி வாங்க போங்கங்கற?" என்றார்.

"ஓட்டு விசயமா வந்தவங்கள வேற எப்படிங்க கூப்புடறது?"

திருப்பூரில் அவரை வாங்க என்று கூப்பிடாத ஆள் கிடையாது. அந்த ஒரு வாங்கவைத்தான் அவரால் தாங்கமுடியவில்லை. தெருவென்றும் பாராமல், வெள்ளைச் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார். எனக்குத் தாளவில்லை. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டேன். மாஸ்டர் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வந்து, எங்கே போடுவது என்று தெரியாமல் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

தெருமுனையில் கார் ஹாரன் அடித்தது. முதலாளி திரும்பி அதை நோக்கி நடந்தார். அவ்வளவுதான், போகிறார் என்று நினைத்தேன். ஜன்னலுக்குள் குனிந்து என்னவோ சொன்னார். செயலாளர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பிறகு கார் பின்னால் எடுத்துத் திரும்பிப் போயிற்று. இவர் நடந்து வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். மாஸ்டரைப் பார்த்து, "மாமா, சாப்பிட்டாச்சுங்களா?" என்றார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"அக்கா, சோறு இருக்குதா?"

"இருக்குது. கையக் கழுவிட்டு வாடா."