மூன்றாவது மெஷின்

போன வாரம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பென்டிரைவுக்குள் நெல்லைப் பற்றிய ஆய்வேடு. "அங்கிள், பிரின்ட் போடறதுக்கு முன்னாடி ஸ்பெல்லிங் மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள். மூன்றாம் பக்கத்திலேயே ஒரு சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது. கல்ம். நெல்லின் தண்டுக்குத் தாவரவியலில் அதுதான் பெயர். கம்ப்யூட்டருக்கு அது தெரியவில்லை. அமைதி என்று பொருள்படும் 'காம்' என்று மாற்றிவிடட்டுமா என்று கேட்டது.

"அடப்பாவி, நீயுமா?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "உன்ன இல்லம்மா, மெஷின சொன்னேன்" என்றேன். மெஷின் என்று சொன்னதும் பழைய ரிப்பன் மையும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை மூக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அன்று வேலை ஓடவில்லை.

பாபநாசம் மெயின் ரோட்டில் அப்போது ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. எதிரே புதிதாகக் கம்ப்யூட்டர் சென்டர் போர்டு மாட்டியிருந்தார்கள், ஆனால் உள்ளே போகப் பயந்தவர்களெல்லாம் எங்களிடம்தான் வந்தார்கள். ஏழு மெஷின். நான் இன்ஸ்ட்ரக்டர். இன்ஸ்ட்ரக்டர் என்றால் காலையில் பெருக்குவதும் நானே. இங்கிலீஷ் டைப்பிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பில் பாஸ் செய்தவன், அதனால் ஊரிலேயே இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான் என்று ஒரு நினைப்பு. நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். என் நினைப்பு கெடுத்தது அடுத்தவன் பிழைப்பை.

அந்த அடுத்தவர் நிஜாம் பாய். வேதாரண்யம் பக்கத்துக்காரர். பாபநாசத்தில் அக்கா வீட்டில் தங்கி எம்.ஃபில். செய்துகொண்டிருந்தார். உப்புத் தண்ணீரைத் தாங்கும் கடலோர நெல்தான் அவர் ஆராய்ச்சி. அவருடைய மாமா ஷார்ஜாவில் கடை வைத்திருந்தார், விசா தயாராக இருந்தது. பாய்க்குப் போக இஷ்டமில்லை. காலேஜில் வாத்தியார் ஆக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கடைசியில் அவர் வாப்பா ஒரு கெடு வைத்தார். இந்தத் தடவை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் இங்கேயே இரு, கொடுக்காவிட்டால் பிளேன் ஏறு. இதை முதல் நாளே என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். "என் தலையெழுத்து உங்க விரல்ல இருக்குண்ணே."

நான் அடித்துக் கொடுத்தேன். அவர் கையெழுத்தில் 'தப்பாக' இருந்த சொற்களையெல்லாம் கேட்காமலே திருத்தியும் கொடுத்தேன். அவர் எழுதிய கல்ம் என் கையில் அமைதியானது. நெல்மணிக்கு அடியில் இரண்டு சின்னச் செதில் இருக்கும், அதற்கு க்ளூம் என்று பெயராம். துயரத்துக்கும் இங்கிலீஷில் அதே ஓசைதான், எழுத்துதான் வேறு. நான் துயரத்தையே அடித்தேன். நெல்லின் அமைதி உள்ளே வெற்றாக இருக்கும், ஒவ்வொரு மணிக்கும் அடியில் இரண்டு துயரங்கள் உண்டு என்று பக்கம் பக்கமாகப் போயிற்று.

பார்த்துவிட்டு பாய் கோபப்படவில்லை. மறுநாள் காலை வேரோடு பிடுங்கிய ஒரு நெற்பயிரைக் கொண்டுவந்து என் மெஷின் மேலேயே படுக்க வைத்தார். தண்டைக் கிள்ளி ஓட்டையைக் காட்டினார். "இதாண்ணே கல்ம். ஊதிப் பாருங்க." ஊதினேன். நுனியில் வால்போல நீண்ட முடியை என் உள்ளங்கையில் உரசினார். "இது ஆன். நீங்க ஓன்னு, சொந்தம்னு அடிச்சிருக்கீங்க." இன்னொரு நாள் பத்து மணி வாக்கில் பின்னாலிருந்த வயலுக்கே இழுத்துக்கொண்டு போனார். குறுவை பூத்திருந்தது. டெல்டாவில் பிறந்து இருபத்தாறு வயதுவரை நான் நெல்லுப் பூவைப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? உமி திறந்து, ஆறு மெல்லிய இழைகள் வெளியே தொங்கின.

"இது ஸ்டேமன். நீங்க அடிச்ச ஸ்டாமினாவும் இதுவும் அண்ணன் தம்பிதான். ரெண்டுக்கும் பழைய அர்த்தம் நூலு. ஒண்ணு பூவுல இருக்கு, ஒண்ணு மனுஷன்ட்ட இருக்கு. ஆனா மாத்திப் போட்டா எங்க கைடு சார் என்னக் கொன்னுடுவாரு" என்றார். இன்றுவரை எனக்குத் தெரிந்த தாவரவியல் அவ்வளவுதான்.

பாதிப் பக்கங்களைத் திரும்ப அடித்தேன். பூஜை விடுமுறைக்கு இரண்டு நாள் முன்னால், இன்னும் பதினாலு பக்கத்தில் அவருடைய சார் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். பாய் அதைக் கொண்டுவந்தது மாலை வகுப்பு நேரத்தில். டைப் பழகும் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி படித்துவிட்டு, "சார், நெல்லுக்கு அப்படி என்ன சார் துயரம்?" என்று கேட்டாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. பாயும் சிரித்தார். அவர் சிரித்தது எனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடவே இல்லை. மறுநாள் வந்து கேட்டார். வேலை அதிகம் என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சரஸ்வதி பூஜை. மெஷின்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தோம். அன்று எதையும் தொடக்கூடாது, மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுக்கலாம். ஆனால் எங்கள் முதலாளி மூன்றாவது மெஷினுக்கு மட்டும் பொட்டு வைக்காமல் ஜன்னலோரம் விட்டிருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது சொன்னார்: "அந்தப் பாய் வருவாருடா. அதுல அடிச்சுக் குடு. படிப்புக் காரியம், சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா."

பாய் பத்து மணிக்கு வந்தார். தூறல். பதினாலு பக்கத்தையும் பாலித்தீன் பைக்குள் வைத்து, சட்டைக்குள் செருகியிருந்தார். மறுநாள் பைண்டிங் ஆகி, அதற்கடுத்த நாள் திருச்சியில் கொடுத்தாக வேண்டும். அதுதான் கடைசித் தேதி. ஊரில் வேறெந்தக் கடையும் திறந்திருக்கவில்லை.

"இன்னிக்கு மெஷினத் தொடக்கூடாது பாய். பூஜையில இருக்கு."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றபடியே பார்த்தார். ஜன்னலோரம் உறை போட்டிருந்த மெஷினையும் பார்த்தார். "அது...?"

"அதுவும்தான்."

"சரிண்ணே. சாமி காரியம். நான் கேட்டதே தப்பு, மன்னிச்சுக்குங்க."

மன்னிப்பு கேட்டது அவர்! பொரி கடலை கொடுத்தேன். நின்றபடியே தின்றுவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார். தெருமுனை திரும்பும்வரை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

விஜயதசமி அன்று காலையிலேயே அவர் மறுபடி வர, மத்தியானத்துக்குள் அடித்துக் கொடுத்தேன். பைண்டர் மறுநாள் பகலில்தான் கொடுத்தார், பசைகூடக் காயவில்லை. பாய் பஸ் பிடித்துத் திருச்சி போனபோது கவுன்டர் மூடியிருந்தது. வாப்பா சொன்ன சொல்லில் நின்றார். இருபது நாளில் பாய் கிளம்பினார். போகுமுன் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வர்றேண்ணே. உங்களுக்கு ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்" என்றார்.

அப்புறம் இன்ஸ்டிட்யூட் மூடி, நான் சொந்தமாக இந்த ஜெராக்ஸ் கடையைப் போட்டு, எத்தனையோ வருஷம் ஆயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருவர் சில காகிதங்களை நீட்டினார். கண்ணாடியில் வைக்கும்போது பெயர் கண்ணில் பட்டது. ஷார்ஜாவில் இறந்தவர்களுக்குக் கொடுக்கும் சான்றிதழ். வந்தவர் பாயின் தம்பி. நெஞ்சு வலியாம், கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாராம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

நான் யார் என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "நீங்கதானா? அண்ணன் உங்களப் பத்திப் பேசாத நாளில்லைங்க. சாமிக்கு வெச்ச மெஷினத் தொட மாட்டேன்னு ஒரே பிடியா நின்ன மனுஷன், பக்தின்னா அப்படி இருக்கணும்டான்னு எங்கள்ட்ட சொல்லுவாரு."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை, நாலு பெண்கள் சிரித்த ரோஷம் என்று. "ஆமாங்க" என்று சொல்லி ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் பெண்ணின் ஆய்வேட்டில் கல்மைக் கல்மாகவே விட்டேன். பாய் பூ காட்டிய வயலில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. டைப் மெஷின்கள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன. சரஸ்வதி பூஜை அன்று மட்டும் நான் கடையைத் திறந்து, ஒரு கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்காமல் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பத்து மணிக்கு வாசலைப் பார்ப்பேன். யாரும் வருவதில்லை.