முகத்துவாரத்து மணல்

போன வாரம் மகனும் மருமகளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆலப்புழைக் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தார்கள். வாசலில் நின்று மருமகள் சின்னவளின் ஷூவைத் தலைகீழாகத் தட்டினாள். ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. விளக்குமாற்றை எடுக்கப் போனவளை, "கெடக்கட்டும் தாயி, பெறகு கூட்டிக்கலாம்" என்று தடுத்துவிட்டேன். மாமியாருக்கு என்ன ஆச்சோ என்று ஒரு பார்வை பார்த்தாள். அவளிடம் இதையெல்லாம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கொழும்பில் இருந்தோம். அப்பாவுக்குத் தேயிலைக் கிடங்கில் பெட்டி சுமக்கிற வேலை. கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்ததும் அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று நால்வரும் முகத்துவாரம் கடற்கரைக்கு நடப்போம். நடப்போம் என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நான் அப்பாவின் தோளில்தான் போவேன். மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது.

"வாராவாரம் கடலுக்குக் கெளம்பிர்றாங்கப்பா, ராஜ வாழ்க்கைதான்" என்று பக்கத்து வீட்டில் பொறாமைப்படுவார்கள். அங்கே நடந்தது வேறு. அண்ணன் அலையில் குதிப்பான். அப்பா இறால் வடை வாங்கப் போவார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழி தோண்டுவாள். என்னை அதில் இறக்கி இடுப்பு வரைக்கும் ஈர மணலை அள்ளிப் போட்டு மிதிப்பாள். கடல் மணல் சூம்பின காலுக்கு நரம்பு கொடுக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்களிடம் கடிகாரம் கிடையாது. செபமாலையை உருட்டி ஐம்பத்து மூன்று மணி செபத்தை இரண்டு தடவை முழுதாகச் சொல்லி முடித்தால்தான் வெளியே எடுப்பாள். நட்டு வைத்த தென்னம்பிள்ளை மாதிரி நிற்பேன். அப்பா வடையைப் பிய்த்து வாயில் ஊட்டுவார். இன்றைக்கும் எங்கேயாவது வடை பொரிகிற வாசனை வந்தால் எனக்கு முழங்கால் அரிக்கிறது.

எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஒரு பெரிய நண்டைக் கொட்டாங்கச்சியில் பிடித்துவைத்துக்கொண்டு கூப்பிட்டான். அம்மா முதல் செபத்தில் பாதிகூடத் தாண்டவில்லை. பொறுக்க மாட்டாமல், "அம்மா, பெருவெரலு அசையுதும்மா" என்றேன்.

அம்மா செபமாலையை அப்படியே போட்டாள். இரண்டு கையாலும் மணலைப் பறித்தாள். என் காலை மடியில் தூக்கி வைத்து உற்றுப் பார்த்தாள். பிறகு கடற்கரையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: "இங்கன வாங்க, அசையுது! புள்ளைக்கு வெரலு அசையுது!" அப்பா வந்து பார்த்தார். அவர் கண்ணும் கலங்கிவிட்டது. அன்றைக்கு எனக்கு இரண்டு வடை. நண்டைப் பார்த்தேனா என்று ஞாபகமில்லை.

அடுத்த வருஷம், இந்திய வம்சாவளிக்காரர்கள் இந்தியாவுக்கே போய்விட வேண்டும் என்று அரசாங்கக் காகிதம் வந்தது. நானும் அண்ணனும் இந்தியாவைப் பார்த்ததே கிடையாது. கேரளத்து வண்டிப்பெரியாறு தேயிலை எஸ்டேட்டில் சித்தப்பா இருந்தார். அங்கே போவதாக முடிவானது. கொண்டுபோக ஒரே ஒரு மரப்பெட்டி. அதிலிருந்து அம்மா தன் தையல் மிஷினை வெளியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு சாக்கு நிறைய முகத்துவாரத்து மணலை அமுக்கினாள்.

"ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? மிசினு இருந்தா தச்சுப் பொழைக்கலாம். அங்க போயி மண்ணத் திங்கவா?" என்று அப்பா கத்தினார்.

"அங்க மலையாம்ல. கடலுக்கு நான் எங்க போவேன்? வெரலு அசைஞ்சிருச்சு. இப்ப விட்டா எல்லாம் போயிரும்" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அது. திறக்கவில்லை. ரொட்டித் துண்டைச் சவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கப்பலேறும் இடத்தில் சோதனை போட்டவருக்கு அந்தச் சாக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. தங்கம்தான் என்று முடிவே கட்டிவிட்டார். முழங்கை வரை விட்டுத் துழாவினார், கம்பியால் குத்தினார், கடைசியில் தரையில் கொட்டிக் காலால் கிளறினார். "மணலுதான் ஐயா, புள்ள காலுக்கு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் போனதும் தரைத் தூசியோடு சேர்த்து எல்லாவற்றையும் திரும்ப அள்ளினாள்.

வண்டிப்பெரியாற்றில் எங்களுக்குக் கிடைத்தது தொழிலாளர் லயத்தின் கடைசி வீடு. பின்பக்கம் குழி வெட்டி, மணலைக் கொட்டி, உப்புப் போட்டுக் காய்ச்சிய வெந்நீரை ஊற்றி, ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா என்னை அதில் நிறுத்தினாள். வாரமெல்லாம் கொழுந்து பறித்த விரல்கள் செபமாலையைப் பிடித்திருக்கும். குளிரில் என் பல் கிடுகிடுக்கும். "சிலோன்காரி புள்ளையப் பொதைக்கிறா" என்று லயத்துப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும். கொழும்பில் எங்களை இந்தியாவிலிருந்து வந்த கள்ளத்தோணி என்றார்கள், இங்கே சிலோன்காரர்கள்.

ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்தது. மழை என்றால் அப்படி ஒரு மழையை நாங்கள் பார்த்ததில்லை. மேட்டிலிருந்து வந்த தண்ணீர் குழியை ஒரே இழுப்பில் துடைத்துக்கொண்டு போனது. தேயிலைக் காட்டிலிருந்து ஓடி வந்த அம்மா கூடையைக்கூட இறக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு முழங்காலில் விழுந்து, சேற்றில் மணலைத் தேடி அரித்தாள். அப்பா அவளைத் தூக்கப் பார்த்தார். "ஆத்துக்குப் போயிருச்சு, எந்திரி" என்றார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

என்னால் தாங்க முடியவில்லை. வாசற்படியிலிருந்து கத்தினேன்: "வேணாம்மா! வெரலு அசையவே இல்லம்மா! நான் பொய் சொன்னேன்!"

அம்மா எழுந்து வந்தாள். சேற்றுக் கையால் கன்னத்தில் ஒன்று வைத்தாள்.

"வாய மூடு. அசைஞ்சுச்சு. நான் பாத்தேன்."

சொல்லிவிட்டுத் திரும்பப் போய் அரிக்க ஆரம்பித்தாள்.

கடைசியில் கிடைத்தது ஒரு போத்தல் மணல். அதையும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஈரத்துணியில் கொட்டி என் பாதத்தைச் சுற்றிக் கட்டிவிட்டுச் செபத்தைத் தொடங்குவாள். எனக்குப் பன்னிரண்டு வயதாகும் வரை, அதாவது அவளை மார்ச்சளி கொண்டுபோகும் வரை, ஒரு வாரம்கூடத் தப்பவில்லை. அந்தப் போத்தல் லயத்தை இடித்தபோது காணாமல் போனது. அப்பாவும் அண்ணனும் இப்போது இல்லை. முகத்துவாரத்தை நான் மறுபடி பார்க்கவே இல்லை.

போன வாரம் மகன் வீட்டார் ஆலப்புழையிலிருந்து வந்த அன்றைக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வலது பாதத்தை அந்தக் கைப்பிடி மணலில் வைத்தேன். "அசையுதும்மா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"என்ன அத்தை?" என்று உள்ளேயிருந்து மருமகள் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி" என்றேன். நான் பாத்தேன் என்று அடித்துச் சொல்ல எனக்கு இருந்தவள் ஒருத்திதான்.