கப்பல் மரமும் நானும்

இன்று அப்பா எனக்காகக் கடையைப் பூட்டிவிட்டு, பழைய மரச்சட்டப் பண்ணைவீடு ஒன்றைப் பார்க்க வந்தார்.

வளைந்த உத்தரங்களைக் காட்டி, "எல்லாம் உடைந்த கப்பல் மரம் அப்பா, புத்தகத்தில இருக்கு" என்றேன். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை.

வழிகாட்டிப் பெண் சிரித்தார். பலரும் அப்படித்தான் சொல்வார்களாம். உண்மையில், வளைந்து வளர்ந்த ஓக் மரங்களைத் தேடி வெட்டினார்களாம்.

அப்பா விடவில்லை. என் மகள் படித்துவிட்டுத்தான் சொல்கிறாள் என்று ஆங்கிலத்தில் வாதாடினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் ஏறியதும் அப்பா பெரியம்மாவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, அங்க நிண்ட மனுசிக்கு ஒண்டும் தெரியேல்ல. எங்கட பிள்ளைதான் படிப்பிச்சு விட்டவள்!"

எந்தப் புத்தகமும் படிக்கவில்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா குடும்பத்தோடு அங்கே போகிறோம். விளக்கம் சொல்லப்போவது நானாம்.

அந்த வழிகாட்டிப் பெண்ணுக்கு ஞாயிறு லீவா? யாருக்காவது தெரியுமா?