நிரம்பாத குழி

அடி அண்ணாமலையில் வேன் ஓட்டும் தசரதனுக்குப் பெருமைப்பட இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அவன் அப்பா வெட்டிய கிணறு. கண்ணாடி போலத் தண்ணீர், குடித்தால் இனிக்கும். இன்னொன்று, அவனே வெட்டிய கக்கூஸ் குழி.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் ஒதுங்க இடமில்லாமல் அலைவதைப் பார்த்து, கடலை போட்டுக்கொண்டிருந்த துண்டு நிலத்தில் வரிசையாகக் கழிப்பறைகள் கட்டினான். குழி தோண்டும்போது பாறை குறுக்கிட்டது. பாறையில் நீளமாக ஒரு வெடிப்பு. அதன் மேலேயே சிமெண்ட் உறை இறக்கி மூடிவிட்டார்கள். ஒவ்வொரு பௌர்ணமி முடிந்ததும் மற்றவர்களின் குழிகள் பொங்கும்; கழிவு அள்ளும் லாரிக்குச் சொல்லிவிடுவார்கள். தசரதன் குழி மட்டும் நிரம்பவே இல்லை.

"நம்ம குழிக்கு வயிறே ரொம்பாது பெரிம்மா" என்று பக்கத்து வீட்டு ஜோதியம்மாளிடம் சிரிப்பான்.

"உன்ன மாதிரிதான்டா. போட்டதெல்லாம் எங்க போவுதுனே தெரியல" என்பாள் அவள்.

எங்கே போகிறது என்று அவனும் யோசிக்கவில்லை.

மாசியில் மகள் கீர்த்தனா பிறந்தாள். மனைவி மதிவதனிக்குப் பால் பத்தவில்லை. பவுடர் பால் கலக்க வேண்டியதாயிற்று. அதற்குக் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சுவதைத் தசரதன் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். கொதி வந்ததும் மனைவி அடுப்பை அணைக்க வந்தால் விடமாட்டான்.

"இருடி, இன்னும் கொதிக்கட்டும். பச்சக் கொழந்த."

பாதியாகச் சுண்டிய பிறகுதான் இறக்குவான்.

சித்திரையில் குழந்தையின் உதட்டில் கருமை தட்டியது. "நாவப்பழம் தின்னாப்ல இருக்குதுங்க" என்றாள் மதிவதனி. குளிர் என்று சொல்லவும் வழியில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பிறகு நகங்களிலும் நீலம் பாய்ந்தது. அழுகை நாளுக்கு நாள் மெலிந்து, ஒரு காலையில் அழவே இல்லை.

டவுன் ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. மதிவதனி குழந்தையோடு உள்ளே போக, டாக்டரம்மா தசரதனை வெளியே நிறுத்திக் கேட்டார்.

"வீட்ல கெணறா? கிட்டக்க கக்கூஸ் குழி இருக்குதா?"

"இருக்குதுங்க. ஆனா தண்ணி தெளிவா இருக்கும். சுண்டக் காய்ச்சித்தான் குடுக்கறேன்."

"காய்ச்சினா கிருமிதாங்க சாகும். கழிவுலேருந்து எறங்கற நைட்ரேட் அப்படியே இருக்கும். பார்த்தாலும் தெரியாது, குடிச்சாலும் தெரியாது. தண்ணி சுண்டச் சுண்ட அது ஜாஸ்தியாவும். கைக்கொழந்த ரத்தத்துல ஆக்சிஜன் ஏற விடாது. வயித்துல இருக்கற கொழந்தைக்கும் ஆபத்துதான். இன்னொரு வாட்டி அந்தத் தண்ணி உள்ள போச்சுனா, என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

 அடுப்படியில் நின்று தினமும் பார்த்துப் பார்த்துச் சுண்டக் காய்ச்சி இறக்கியது எதை என்று தசரதனுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மருந்து ஏற ஏற, மாலைக்குள் உதட்டில் சிவப்பு எட்டிப் பார்த்தது. நம் கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று மதிவதனியிடம் சொல்லிவிட்டு, கேன் தண்ணீர் வாங்க ஓடிப்போய் அவன் திரும்பி வந்தபோது, கட்டிலருகே ஜோதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மதிவதனி ஒரு பிளாஸ்கிலிருந்து ஊற்றிப் பால் கலந்து, பாட்டிலைக் குழந்தையின் வாயருகே கொண்டுபோயிருந்தாள். தசரதன் பாய்ந்து பிடுங்கினான்.

"இன்னாடா, பேய் புடிச்சாப்ல?" என்று எழுந்தாள் ஜோதியம்மாள். "உன் கெணத்துத் தண்ணி இல்லடா, எங்க கெணத்துது. நாந்தான் சுண்டக் காய்ச்சி எடுத்தாந்தேன். இந்தக் கோடையில ஊரே வத்திக் கெடக்குது, எங்க கெணறு மட்டும் ஏறிக்கினே வருது. அண்ணாமலையார் கண்ணத் தொறந்துட்டாரு."

அவள் கிணறு, அவன் குழிக்குக் கீழே, பாறை வெடிப்பு ஓடிய திசையில், சரிவில் இருந்தது.

"ஏறுறது என் குழித் தண்ணி, பெரிம்மா." தசரதன் பாட்டிலைக் கீழே வைத்தான். "உன் மருமவ எந்தத் தண்ணி குடிக்கறா?"

எட்டு மாதக் கர்ப்பிணி சினேகா வீட்டில் தனியாக இருந்தாள். ஜோதியம்மாள் குழந்தையின் உதட்டைப் பார்த்தாள். போனை எடுத்து அடித்தாள்.

"சொல்லுங்கத்த" என்றது சினேகாவின் குரல். "வெயில் தாங்கல. இப்பதான் ஒரு சொம்பு குடிச்சிட்டுப் படுத்தேன்."